தோணி கொண்டாற ஆள்

ஸுஹைனாவில எனக்குக் கோபம் கோபமா வரும். ஏனெண்டா அவளில பிழை பிடிக்க ஏலாது. மட்டக்களப்பில ரெண்டு பேருக்கும் ஒரே கந்தோரில நில அளவை வேலை. கிரானுக்கு அங்கால, வட்டை வயலெல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு சதுப்புக் காடு கிடக்கு. அதை இந்தத் தலையில இருந்து அந்தத் தலைக்கு நடந்தே கடக்கோணும் எண்டது அவள்ட ஆசை. "படத்தில பச்சை அடிச்சு விட்டிரிக்கம், உள்ளுக்க என்ன இரிக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாகா" எண்டுவாள். அடுத்த வருசம் காட்டை வெட்டி ரோட்டுப் போடப் போறாங்க. ஏறாவூரில அவள்ட உம்மா கலியாணம் பேசிக் களைச்சிட்டா, இவள் காட்டைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் திட்டம் போடுறதைப் பாக்கோணும். எருமைப் பட்டிக்காரரிட்டப் போய் எந்தச் சேறு காலைப் பிடிக்கும், எது தாங்கும் எண்டு கேப்பாள். மறுகா தானே இறங்கிக் கம்பால குத்திப் பாத்திட்டு வந்துதான் வழியைக் கீறுவாள். ஓடைகளையும் தானே தோணியில போய்ப் பாத்து வச்சிருந்தாள். ஒருக்கா நான் யானை எண்டு வாய் தவறிச் சொல்லிட்டன். "காட்டுக் கதை கதைக்கக்குள்ள பெரியவர் எண்டு சொல்லுகா" எண்டு என்ட வாயில தட்டினாள்.

ஒரு சிக்கல்தான். காடு முடியுற இடத்தில ஆழத் தண்ணி. ஓடையால ஒருத்தர் தோணி கொண்டந்து நடந்து வாற எங்க ரெண்டு பேரையும் ஏத்தோணும், அங்க போனும் வேலை செய்யாது. என்ட புருசன் தனோஜன் பெரியகல்லாத்து ஆள், வாவியில வளந்தவர். "கண்ணை மூடிக்கொண்டு வருவன் தங்கச்சி" எண்டார். எனக்குப் பெருமை தாங்கல்ல.

ஒத்திகைக்கு ஒரு நாள் ஸுஹைனா வழி காட்ட, இவர் எங்கள அந்தக் கரை மேட்டில இறக்கிட்டுத் தனியத் திரும்பினார். மறுகா வந்து ஏத்தோணும் எண்டது பேச்சு. மேல எங்கயோ மழை. தண்ணி ஏறி ஏறி முழங்காலுக்கு வந்திட்டு, இவரைக் காணல்ல. நான் அழுதன், ஏசினன், தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டன். ஸுஹைனா என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். பொழுது சாயக்குள்ளதான் தோணி வந்தது.

வாவியில இவங்க வழி பிடிக்கிறது கன்னத்தில படுற காத்தை வச்சு. ஓடைக்குள்ள காத்து மரத்தில அடிபட்டுக் கிறுகித் திசை மாறித்தான் வரும். அதை நம்பி இவர் வேற ஓடைக்குள்ள போயிட்டார். தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தவரிட்ட ஸுஹைனா, "பெரியவருக்கும் அடி சறுக்கும் அண்ணன்" எண்டாள். எனக்கு அழுகையோட சிரிப்பும் வந்திட்டு.

கரைக்கு வந்தாப் பிறகு சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் நடங்க. தோணியை நான் கொண்டாறன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "விசராகா உனக்கு? இது உன்ட நடை. இவருக்கு ஓடையைப் பழக்குவம்."

"பழக்கி முடியக்குள்ள காடு இரிக்காது. நடக்க ஆரெண்டாலும் ஏலும். தண்ணி ஏறக்குள்ள வந்து ஏத்துற ஆள் தப்பக் கூடாது. இண்டைக்கு நீ கூப்பிடாத சாமி இல்ல."

"அப்ப நீ?"

"நீ பாத்திட்டு வந்து சொல்லு."

இந்த நடைக்கெண்டு தன்ட முதுகுக்கு அளந்து அவளே தைச்ச பையை எடுத்து, வாரை நல்லா இளக்கி என்னட்ட நீட்டினாள். "அண்ணன்ட தோளில போட்டுப் பாரு, அளவு காணுமா எண்டு."

வாய்க்காரி எண்டு கந்தோரிலயே பேர் எடுத்தவள் நான். பையை வாங்கி இவர்ட தோளில மாட்டினன்.