அசையக் கூடாது

சவப்பெட்டியின் தலைமாட்டுக்குப் பலகை கொடுத்து உயர்த்திக்கொண்டிருந்தார்கள். படம் பிடிக்க வந்த முத்துலிங்கத்துக்கு யேசுரட்ணத்தின் முகம் தெரிய வேண்டுமாம். அவருடைய ஐந்து வயது மகள் றோஸி அம்மாவின் சேலையை விட்டுவிட்டுப் பெரியப்பாவிடம் போனாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

"பெரியப்பா, அப்பா எப்ப எழும்புவார்?"

"பாப்பம் பிள்ளை. இப்ப நித்திரை கொள்ளட்டும்," என்றார் சவுந்தரநாயகம்.

பாப்பமாம்! அப்பா பாப்பம் என்றால், சனிக்கிழமை துறைமுகக் கந்தோரிலிருந்து வரும்போது கையில் பொட்டலம் இருக்கும். பெரியப்பா பாப்பம் என்றால் ஒன்றும் வராது. அது றோஸிக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது. பிடிபட்டது பெரியவர்களுக்குத்தான் தெரியாது. நித்திரையென்றால் அம்மா ஏன் தொண்டை கட்டிப்போகிற மாதிரி அழுகிறாள்? கேட்டால் ஒரு மாமி வாயில் பிஸ்கட்டைத் திணிக்கிறாள். கொட்டாஞ்சேனை முழுக்க வீட்டுக்குள் வந்து நிற்கிறது, ஒருவராவது வாய் திறந்து சொல்கிறார்களா?

"ஒருத்தரும் அசையப்படாது, கண் சிமிட்டப்படாது," என்று முத்துலிங்கம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். "றோஸி, முழிச்சுப் பார். போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ கண்ணை மூடித்தான் படம் பழுதாப்போனது."

அன்றைக்கு அவர் அப்பாவையும் விடவில்லை. "என்ன தம்பி, நித்திரையோ? கண்ணைத் திறவும்," என்று ஏசித்தான் இன்னொரு தரம் எடுத்தார். இன்றைக்கு அப்பாவிடம் வந்தவர், அப்பா வேலை செய்த கந்தோரின் துரை அனுப்பிய மலர்வளையத்தை நேராக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

"மாமா, அப்பாவும் கண் மூடியிருக்கிறார். அவரை ஏன் ஏசேல்லை?"

முத்துலிங்கம் கமெராவின் கறுப்புத் துணிக்குள் தலையைப் புகுத்திக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

றோஸிக்கு விளங்கிவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் பிஸ்கட்டா?

"பெரியப்பா, நீங்க பொய் சொன்னனீங்க."

"பிள்ளை, முன்னுக்குப் பார். படம் எடுக்கினம்."

அவள் முன்னுக்குப் பார்க்கவில்லை.

ஒரு கிழமை கழித்துப் படம் வந்தது. அப்பா தெளிவாக விழுந்திருந்தார். பெரியப்பாவையே நிமிர்ந்து பார்த்தபடி நிற்கிற றோஸியும் தெளிவாகத்தான் விழுந்திருந்தாள். பெரியப்பாவின் முகம் மட்டும் அசைந்து கலங்கிப்போய், ஆரென்று அடையாளம் தெரியாமல் இருந்தது.