அபூதாஹிரின் கீழ்ச்சொண்டு

1

இந்தக் கதை திருகோணமலையில், தோல் வைத்தியரின் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது எனக்குச் சும்மா கிடைத்தது. நான் போனது என் படர்தாமரைக்கு. பக்கத்தில் இருந்தவர் கிண்ணியா அபூதாஹிர், தோணிக்காரர். அவருடைய கீழ்ச்சொண்டில், அதாவது கீழ் உதட்டில், வெள்ளையாகச் சொரசொரப்பு, மூக்கிலும் அப்படியே.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'துறைமுகத்தின் மேல் சூரியன் தகதகவென்று...' (வேண்டாம். சூரியனைப் பற்றி அவரே ஒன்றும் சொல்லவில்லை.) வைத்தியர் அவருக்குச் சொன்னதையே போடுகிறேன்.

"கன காலம் வெயில் பட்டு வந்தது. இப்ப புற்றுநோய் இல்ல. விட்டா ஆகலாம். இந்தக் கிறீமை மூண்டு கிழமை, இருபத்தொரு நாள், பூசுங்க. புண்ணாகும், எரியும். பயந்து நிப்பாட்டிராதீங்க. புண்ணானாத்தான் மருந்து வேலை செய்யுது."

3

சில நாள் பூசி, சொண்டு புண்ணானதும் அவர் நிப்பாட்டிவிட்டார். பயத்தில் அல்ல. வருகிற வெள்ளிக்கிழமை மகள் ஷிஃபானாவின் நிக்காஹ். பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளை மணமுடித்துத் தந்தேன் என்று தகப்பன் சொல்லும்போது ஊரே அந்த வாயைத்தான் பார்க்கும். அந்தப் பொறுப்பை மௌலவியிடம் கொடுக்கலாம். அபூதாஹிர் கொடுக்கிற ஆள் இல்லை. (கதாசிரியன் பாத்திரத்தோடு கோபிக்கக் கூடாதாம். எனக்குக் கோபம்தான்.)

நேற்றுக் கலியாண அழைப்புக் காட் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். சொண்டு ஆறத் தொடங்கியிருந்தது. மனைவி றஹ்மாவுக்குச் சந்தோஷம். "இப்பதான் மனிசன்ட முகம் மாதிரி இரிக்கி," என்றார்.

ஷிஃபானா குசினியிலிருந்து கிறீமோடு வந்தாள்.

"பூசுங்க வாப்பா."

"வெள்ளி முடியட்டும் மகள். இந்தப் புண்ணோட நிண்டா சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒண்டு ஆகினா, சனமா எனக்கு வாப்பா?"

அவர் கிறீமை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தேத்தண்ணீர் வந்தது.

4

முடிவு ஒன்று: அன்றிரவே பூசுகிறார். (அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: பூசவில்லை. கலியாணம் சிறப்பாக நடக்கிறது. 'வெள்ளி முடிந்து பல வெள்ளிகள் போகின்றன. ஒருநாள் அதே இடத்தில் கட்டியாக...' (கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.)

மூன்றாவது என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் கொழும்பில் வேலை. நீங்கள் கலியாணத்துக்குப் போனால், மாப்பிள்ளையைப் பிறகு பாருங்கள். முதலில் அபூதாஹிரின் சொண்டைப் பாருங்கள். வெடித்துப் புண்ணாக இருந்தால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அழகாக இருந்தால் எனக்கு ஒரு ஃபோன் கோல் எடுங்கள்.