பிள்ளைக்குச் சொன்ன ஃபேபியுலஸ்

ஃபேபியுலஸ், மெஜிக்கல், ஹெவன்லி. இந்த மூன்று சொல்லும்தான் என் வயிற்றுப்பாடு. மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது எனக்கு வேலை. கறுவாப்பட்டையை முகரக் கொடுத்து ஃபேபியுலஸ் என்பேன், சாதிக்காயை உடைத்துக் காட்டி மெஜிக்கல் என்பேன், வனிலாவுக்கு ஹெவன்லி. வெறுமனே நல்லது என்று சொன்னால் யார் வாங்குவார்கள்?

அன்று பகல் என் மனைவி கைறுன்னிஸா சோற்றுப் பார்சலோடு வந்தாள். இடுப்பில் எங்கள் மகள் நிஷ்மியா. வருஷக்கணக்கில் காத்திருந்து, பார்க்காத டொக்டரையெல்லாம் பார்த்து, ஓதாத துஆவையெல்லாம் ஓதிக் கிடைத்த பிள்ளை. இன்னும் ஒரு வயதாகவில்லை. யாரைக் கண்டாலும் பொக்கை வாயால் ஒரு சிரிப்பு. நான் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அன்பிலீவபிள், ட்ரீமி, மார்வலஸ், ஃபேபியுலஸ், கடைசியில் அவுட் ஒஃப் திஸ் வேர்ல்ட். நானும் ஒவ்வொன்றுக்கும் தேங்க்யூ, தேங்க்யூ என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கைறுன்னிஸா மட்டும் முக்காட்டை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

பின்னேரம் வீட்டில் நிஷ்மியா பால் குடிக்கவில்லை. வாய் வைத்ததும் வீறிட்டு அழுதாள். தோளில் போட்டு நடந்தேன், வயிற்றைத் தடவினேன். ம்ஹூம்.

“நாவூறு பட்டிருச்சு,” என்றாள் கைறுன்னிஸா. “அவ்வளவு புகழ்ந்தாங்களே, ஒரு மாஷா அல்லாஹ் சொன்னாங்களா?”

அதாவது ‘அல்லாஹ் நாடியது’ என்று சொல்லாமல் பிள்ளையைப் புகழ்ந்தால் அது பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் பயம்.

“வெள்ளக்காரங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியுந்தானே? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அவங்க புள்ளய இந்த ஒலகத்துலேருந்தே வெளிய தள்றாங்க, நீங்க தேங்க்யூ சொல்றீங்க!”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று சத்தம் போட்டேன். ஆனால் சத்தம் போட்டபடியே ஓடிப்போய் ஓட்டோவுக்குக் கை காட்டினேன். பயமாகத்தான் இருந்தது.

டிஸ்பென்சரியில் ஒரே சனம். அழுது அழுது பிள்ளையின் குரல் கம்மிவிட்டது. “அந்த அம்மாவுக்குப் போன் போடுங்க. அவங்க வாயாலயே சொல்லட்டும்,” என்று கைறுன்னிஸா ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்த அம்மாவைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போன வேன் டிரைவர் சுதர்ஷன் நம்ம ஆள்தான். மானத்தை விட்டு அவனுக்குப் போன் எடுத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தான். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சொரி, சொரி என்று பதறினார். பிறகு ஸ்பீக்கரில், நான் சொல்லிக் கொடுத்தபடி, “மாஷா... அல்லா,” என்றார்.

புதுக் குரலைக் கேட்ட நிஷ்மியா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். கைறுன்னிஸா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் கொஞ்ச நேரத்தில் பிள்ளை மறுபடி தொடங்கிவிட்டது. பார்த்தவளின் முகம் வாடிப்போனது.

எங்கள் முறை வந்தது. டொக்டர் காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கையுறை போட்டு ஈறைத் தடவினார். பிறகு சிரித்தார்.

“பயப்பட ஒண்ணுமில்ல. பல்லு வருது. அந்த நோவுலதான் குடிக்க மாட்டேங்குறா.”

கீழ் ஈறில் அரிசி நுனியளவு வெள்ளை. பக்கத்திலிருந்த கதிரையில் அப்படியே உட்கார்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். டொக்டர் ஈரத்துணியால் ஈறை மெதுவாக ஒற்றிக் கொடுத்தார்.

வெளியே ஓரமாகப் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து கைறுன்னிஸா பால் கொடுத்தாள். நிஷ்மியா முதலில் சிணுங்கினாள், பிறகு குடித்தாள்.

“அவங்க மாஷா அல்லாஹ் சொன்னாங்கல்ல, அதான் பல்லோட போச்சு,” என்றாள்.

நான் பிள்ளையின் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்துவிட்டேன்.

வயிறு நிறைந்ததும் பிள்ளை எங்களை அண்ணாந்து பார்த்து, ஈரக் கண்ணோடு சிரித்தது. கைறுன்னிஸா தன்னை மறந்து, “அன்பிலீவபிள்!” என்றாள். மறுகணம் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கையை எடுக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. அங்கிருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, “மாஷா அல்லாஹ்!” என்று கத்தினேன்.