நஞ்சப்பன் கடை பெஞ்ச்

அருள்நாதனுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? யாருக்கு உறைக்க வேண்டுமென்று ஒரு படத்தை எடுத்தானோ, அந்த மனுசனே அதைத் தன் டீக்கடையில் மாட்டி ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருக்கிறார்!

பென்னாகரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தான் அருள்நாதன். கல்யாணம், காதுகுத்து என்று பிழைப்பு ஓடியது. ஆனாலும் தெருவில் நாலைந்து பேரை ஒரே படத்துக்குள் கொண்டுவருவதில் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். யாரையும் 'இங்க பாருங்க' என்று சொல்லக் கூடாது. ஒருத்தர் தலை இன்னொருத்தரை மறைக்கக் கூடாது. எல்லாரும் தானாக இடத்துக்கு வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

நஞ்சப்பன் கடையிலும் அப்படித்தான் நாலு சந்தை நாள் காத்துக் கிடந்தான். நடுவில் நஞ்சப்பன் டீ ஆற்ற வேண்டும். எதிர் பெஞ்சில் ரெண்டு பண்ணையக்காரர்கள் கண்ணாடி கிளாசில் குடிக்க வேண்டும். கீழே மண்ணில் குந்தி, மாரியப்பன் கொட்டாங்குச்சியில் குடிக்க வேண்டும். எண்பத்து நாலாம் வருசத்திலும் காலனி ஆட்களுக்கு அந்தக் கடையில் கொட்டாங்குச்சிதான், கேட்க நாதியில்லை! படத்தின் முன்மூலை வெறிச்சென்று இருந்தது. பக்கத்தில் இருந்த காலி கிளாசை அங்கே நகர்த்தி வைத்துவிட்டு அமுக்கினான்.

பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் தொங்கவிட்டான். ஊர் பார்த்துக் காறித் துப்பினால் கொட்டாங்குச்சி ஒழியும் என்று நம்பினான். துப்பவா செய்தார்கள்? நஞ்சப்பனே வந்து பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அட, நம்ம கடை!" என்று கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

மறுசந்தையன்று கடைக்குள் நுழைந்தவன் கத்தியே விட்டான். "கீழ குந்தியிருக்கிறவரு உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"நம்ம மாரியப்பன்தானே? அவனும் நல்லாத்தான் வுழுந்திருக்கான்."

"தூ! வெக்கமா இல்லீங்களா?"

"எதுக்குங்க வெக்கம்?" நஞ்சப்பனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வாசலில் மாரியப்பன் கொட்டாங்குச்சியோடு குந்தியிருந்தார். வயசு ஐம்பதுக்கு மேல். அருள்நாதன் அவர் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு மாரியப்பா. இதப் பாத்தா உனக்குக் கொதிக்கல?"

மாரியப்பன் எழுந்தார். உள்ளே கால் வைக்காமல், வாசலில் நின்றபடியே படத்தை எட்டிப் பார்த்தார்.

"கொதிக்குதுங்க சார். நெதமும் கொதிக்குது." விரலை நீட்டினார். "முன்னால மூலையில ஒரு கிளாசு மங்கலாத் தெரியுதே, அது யாரு குடிச்சதுங்க?"

அருள்நாதன் ஓரடி பின்வாங்கினான். நாலு வாரமும் அவன் உட்கார்ந்திருந்த பெஞ்ச், காலில் இடித்தது.

"நான் குடிச்சதுதான்."

மாரியப்பன் போய்ப் பழைய இடத்தில் குந்திக்கொண்டார்.

நஞ்சப்பன் ஆவி பறக்கும் கண்ணாடி கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து அருள்நாதன் பக்கத்தில் வைத்தார்.

"கோவத்த வுடுங்க சார். ஆறிடும், குடிங்க."