ஓட்டுநரின் தட்டு

2019 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. பொதோசியிலிருந்து துபீசா செல்லும் பகல் பேருந்து விதிச்சி ஊரில் நிற்காமல் கடந்தபோது மணி 12.50.

வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் நிற்கும். அதை நம்பி எவுசெபியா பத்து நிமிடம் முன்பு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயது, தையல்காரி. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ரொட்டியும் மிட்டாயும் இருந்த பை பேருந்துக்கு அடியில், பூட்டிய சாமான் அறையில் கிடந்தது. எப்படியும் சாப்பாட்டுக்கு நிற்கப்போகிறதே என்று மகள் டெல்ஃபினாதான் அதைக் கீழே போட்டிருந்தாள்.

டெல்ஃபினா முன்னால் போய் ஓட்டுநர் அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, ஊர் தாண்டிடுச்சே?"

"கொத்தகாய்தாவுல நிறுத்துவேன்" என்றார் ஓட்டுநர் வால்டர் கோல்கே.

"அதுக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். அம்மா ஊசி போட்டுட்டாங்க."

"நானா போடச் சொன்னேன்?"

முன்னிருக்கையில் இருந்த வெங்காய வியாபாரி குனிந்து சொன்னாள். "விதிச்சி கடைக்காரி போன வாரம் இவருக்குக் கோழிக் கழுத்த வச்சிட்டாளாம். அந்தக் கோபம்."

பயணிகளைக் கொண்டுவரும் ஓட்டுநருக்குக் கடையில் காசில்லாமல் சாப்பாடு. பெரிய துண்டும் அவருக்குத்தான்.

"நாப்பது பேரக் கூட்டிட்டு வர்றவனுக்குக் கழுத்தா?" என்றார் வால்டர், சாலையைப் பார்த்தபடியே.

"சாப்பாடு வேண்டாம்ணே. ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க, பைய மட்டும் எடுத்துக்கறேன்."

"உனக்குத் திறந்தா நாப்பது பேரும் இறங்குவாங்க. போய் உக்காரு."

டெல்ஃபினா இருக்கை இருக்கையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் விதிச்சியை நம்பி வெறும் வயிற்றோடு இருந்தார்கள். கொக்கா இலை மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

"வாயில அடக்கிக்கச் சொல்லும்மா, பசி தெரியாது" என்றார் ஒரு கிழவர்.

"பசி இல்ல தாத்தா, சர்க்கரை இறங்குது."

வியாபாரி அரை ஆரஞ்சு கொடுத்தாள். அது கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு எவுசெபியாவுக்கு வியர்த்தது, விரல்கள் நடுங்கின.

"பையக் கையில வச்சுக்கோன்னு சொன்னேன்."

"சொன்னீங்கம்மா."

"சொன்னேன்ல."

"சொன்னீங்க."

2.05க்குக் கொத்தகாய்தா வந்தது. வால்டர் முதலில் இறங்கினார். டெல்ஃபினா சாமான் அறைச் சாவி கேட்டதற்கு, "சாப்பிட்டுட்டுத் தர்றேன்" என்றார்.

கடையில் ஒரே பானை, பரிமாற ஒரே பெண். முன்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணியாவது குடுங்க. எங்கம்மா மயங்கிடுவாங்க."

"முதல்ல டிரைவருக்கு. அப்புறம் வரிசைப்படி, தங்கச்சி."

வால்டர் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். மூலை மேசையில் அவருக்கு சூப், சோற்றின் மேல் கோழித் தொடை, உலர்ந்த பீச் பழம் ஊறிய இனிப்புத் தண்ணீர் என எல்லாம் ஒரே தட்டத்தில் வந்திறங்கின. டெல்ஃபினா தட்டத்தைத் தூக்கிக்கொண்டு, கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்த அம்மாவிடம் போனாள். முதலில் தண்ணீரைக் குடிக்க வைத்தாள்.

வால்டர் வந்து நின்றார். "அது என் தட்டு."

"தெரியும்ணே. கழுத்து இல்ல, தொடைதான் வச்சிருக்காங்க."

வியாபாரி சிரித்தாள். கடைக்காரி வேறு தட்டு எடுத்தாள். வால்டர் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு வெளியே போனார். எவுசெபியா தொடையைக் கடைசி வரை சாப்பிட்டாள்.

பேருந்து 2.50க்குப் புறப்பட்டது. அடுத்த புதன்கிழமை அது கொத்தகாய்தாவிலும் நிற்கவில்லை.