செப்புக்குடத்துத் தண்ணீர்

ரித்விக் பச்சை பிளாஸ்டிக் டப்பில் செடிகளை முக்கி வைத்திருந்தான். சனிக்கிழமை காலை, தொம்மலூர் வீட்டுக் குழாயடி. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், காற்றிலேயே வளரும் என்று சொல்லி ஆபீஸ் நண்பன் யாரோ கொடுத்த ஏர் பிளான்ட்கள். ஒவ்வொன்றும் மல்லாந்து படுத்த சிலந்தி மாதிரி இருக்கும். நான் ஒன்றை எடுத்து ஜன்னல் மேடையில் வைக்கப் போனேன்.

"ஐயோ அக்கா, தலைகீழாப் பிடிச்சு உதறு. நடுவுல தண்ணி தங்கினா அழுகிடும்."

"காத்தைக் குடிச்சே உசிரோட இருக்கும்னியே. அப்புறம் எதுக்கு வாராவாரம் எண்ணெய்க் குளியல்?"

"உன்னை மாதிரிதான். ஒண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிண்டே எல்லாத்தையும் கேட்கும்."

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "ரித்து, ஒரு கட்டு கொத்தம்பரி வாங்கிண்டு வந்துடுடா. ரசத்துக்கு இல்லை."

"அது இல்லேன்னா ரசம் கொதிக்காதாமா?" என்று கேட்டபடி என் துப்பட்டாவில் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

இன்னர் ரிங் ரோடு திருப்பத்தில் வந்த தண்ணீர் லாரி அவனைப் பார்க்கவில்லை. கொத்துமல்லிக் கட்டு மட்டும் வண்டிக் கொக்கியில் பையோடு வீடு வந்து சேர்ந்தது.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. "நான்தானே அனுப்பிச்சேன்" என்று அம்மா சொல்வாள். நான் மறுத்தால் கேட்டுக்கொண்டு தலையாட்டுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே சொல்வாள். பிறகு அது வேறு மாதிரி ஆயிற்று. "என் கை ஆகலை நிரு. நான் தொட்டது எதுவும் நிக்காது." பால் திரிந்தாலும் அதுதான், மிக்ஸி நின்றாலும் அதுதான். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவாள். குளியலறைக் கதவைத் தாழ்போட வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டேன். மீட்டிங் நடக்கும்போதும் ஒரு காது சமையலறைப் பக்கமே இருக்கும்.

ஒரு காலையில் அவள் ரித்விக்கின் அறையிலிருந்து செடிகளை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தாள். தலை வாரியிருந்தாள். "இதுக்குத் தண்ணி காட்டணுமேடி. வாயில்லா ஜீவன்."

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை முந்தின நாளே செப்புக்குடத்தில் நிரப்பி வைப்போம். உடம்புக்கு நல்லது என்று எழுந்ததும் ஆளுக்கொரு டம்ளர். நானும் ரித்விக்கும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடிக்கிறது, அதைப் போய்க் குழந்தையின் செடிக்கு விடுவதா என்று அம்மா குடத்துத் தண்ணீரைச் செப்புப் பாத்திரத்தில் ஊற்றி அவற்றை ஊறப்போட்டாள். உதறினாள். ஃபேனுக்குக் கீழே துண்டு விரித்துக் காயவைத்தாள். யாரோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலிருந்தது.

முதலில் இலை நுனிகள் பழுப்பாயின. பிறகு ஒரு நாள் நான் ஒன்றைத் தூக்கியபோது நடு இலைகள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. காகிதத்தில் சுற்றி, அம்மா பார்க்காமல் குப்பை வண்டியில் போட்டேன். அடுத்த வாரம் இன்னொன்றையும் அப்படியே. என்ன தப்பு என்று போனில் தேடினேன். வெயில், காற்று, ஈரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் அது வந்தது. இந்தச் செடி இனத்துக்குச் செம்பு விஷம். செப்புக் கம்பியில் கட்டக் கூடாது, செப்புப் பாத்திரத்தில் ஊறவைக்கக் கூடாது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"இனிமே நான் பார்த்துக்கறேம்மா."

"ஏன்? என் கை ஆகாதுன்னு நீயும் நினைக்கறியா?"

"அதில்லைம்மா. அவன் மழைத்தண்ணிதான் விடுவான்." எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்கிட்ட சொன்னானா?"

"சொன்னான்."

"எப்போ?"

"அன்னிக்குக் காலையில."

"வேற என்ன சொன்னான்?"

சொன்னேன். ஜன்னலோரம் வைக்கச் சொன்னான், மத்தியான வெயில் ஆகாது என்றான், பூத்தால் பக்கத்தில் குட்டி விடும் என்றான். போனில் படித்ததெல்லாம் அவன் வாய்வார்த்தையாக வந்துகொண்டிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். தட்டில் போட்டதை அவள் முழுக்கச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் மேகம் திரண்டது. மொட்டைமாடியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். பரணிலிருந்த தாமிர அண்டாவை அம்மா தனியாக இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மாடி நடுவே வைத்திருந்தாள். அது நெருப்பு மாதிரி பளபளத்தது. பக்கத்தில் முறத்தில் மீதிச் செடிகள்.

"வாய் அகலம் பாரு. எவ்வளவு மழை பிடிக்கும்!"

"அம்மா, அதுல வேண்டாம். நான் பக்கெட் கொண்டுவரேன்."

"ஏன்டி? நன்னாத் தேச்சிருக்கேனே."

முதல் துளிகள் அண்டாவுக்குள் டணார் டணாரென்று விழுந்தன. அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் பக்கமாக நகர்ந்தாள். அந்தச் சுவர் என் முழங்கால் உயரம்தான்.

"நிரு, செடி குறையறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீ ஒளிச்சு ஒளிச்சு எடுத்துண்டு போறே. நானும் கேட்கலை. இப்போ கேட்கறேன், சொல்லு."

"இப்படி வந்து நில்லும்மா. சொல்றேன்."

அவள் நகரவில்லை.

"செம்பு ஆகாதாம்மா அதுக்கு."

மழை வலுத்தது. அவள் முகத்தில் வழிவது எதுவென்று தெரியவில்லை.

"ரித்து சொன்னானா இதை?"

"இல்லை. நான் படிச்சேன்."

"மழைத்தண்ணி?"

"அதுவும் நான்தான்."

"குட்டி விடும்னது?"

அம்மா அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நமக்கு நல்லதாச்சேன்னுதானேடி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். நான் எட்டிப் போய் அவள் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"விடு. எங்கேயும் போகலை."

நான் விடவில்லை. முந்தானை என் கையில் இருக்க, அவள் குனிந்து முறத்தில் துழாவினாள். ஒன்று உதிர்ந்தது. இன்னொன்று கூழாக ஒட்டியது. மூலையில் கிடந்த சின்னதை எடுத்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அது அழுகாமல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து, கையை மூடாமல், மழையில் நீட்டினாள். இலைகளின் மேலிருந்த வெள்ளைப் பூச்சு மெல்ல மறைந்து, அடியிலிருந்து நுனிவரை பச்சை ஏறியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மழை விட்டுக் காய்ந்ததும் அது பழையபடி சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. இன்றுவரை அப்படித்தான். நனைந்தால் பச்சை, காய்ந்தால் சாம்பல்.