வாயடைத்துப்போன ஊரும் ஜலதோஷம் பிடித்த நடிகரும்

மேயர் புதுப் பேருந்து நிறுத்தத்தைத் திறந்துவைத்து, "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிய அன்று, ஊரே வாயடைத்துப்போனது. யாராலும் உதட்டைப் பிரிக்க முடியவில்லை. பல் டாக்டர் பத்து மணிக்கே கடையைச் சாத்தினார். டைல்ஸ் கடை மாடியிலிருந்த இணையச் செய்தி அலுவலகத்தில் தலைப்பு எழுதும் பெண் காலையில் போட்ட வரிதான் காரணம்: "மேயர் சொன்ன அந்த ஒரு வார்த்தை! வாயடைத்துப்போன ஊர்!" மாலையில் அவளே, "கேஸ் விலை உயர்வு: வாய்விட்டு அழும் மக்கள்" என்று போட்டதும் எல்லா வாயும் திறந்தது. அழுது முடித்துவிட்டு அவளைத் திட்டினார்கள்.

ஆசிரியருக்குக் கொண்டாட்டம். படிப்பவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். "தலைசுற்ற வைக்கும் வாடகை" வந்த வாரம் குடித்தனக்காரர்களின் தலைகள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றன. முடிதிருத்துபவர்கள் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். அவளும் சம்பளம் வருகிறதே என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பழைய சிரிப்பு நடிகரான அவளுடைய மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

"முடிந்தது ஒரு சகாப்தம், கண்ணீரில் மூழ்கியது குடும்பம்னு போடுங்க," என்றார் ஆசிரியர்.

"வெறும் ஜலதோஷம் சார்."

"அதை உள்ளே எழுதிக்கலாம். யார் அவ்வளவு தூரம் படிக்கப்போறாங்க?"

"சார், அந்தக் குடும்பத்துல நானும் இருக்கேன். எனக்கு நீச்சல் தெரியாது."

ஆசிரியர் மசியவில்லை. அவள் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து எழுதாத மாதிரி ஒரு தலைப்பை எழுதிப் பதிவேற்றினாள்: "நடிகருக்கு ஜலதோஷம். மாத்திரை போட்டார். தூங்குகிறார்." ஒரே ஒருவர் படித்தார்; அது அவள் கணவன். அன்றே அவளுக்கு வேலை போனது.

மாமனார் மூன்று வருடம் தூங்கினார். ஜலதோஷம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. மாமியார் அவரைச் சுற்றிப் பெருக்கினார், விருந்தாளிகள் அவர் காலடியில் உட்கார்ந்து பேசினார்கள். மருமகள் மட்டும் ஆசிரியருக்குப் போன் செய்தபடி இருந்தாள். "எழுந்தார்னு போட்டா எவன் படிப்பான்?" என்று அவர் ஒவ்வொரு முறையும் வைத்துவிடுவார். கடைசியில், வேறு செய்தியே கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சொல்லச் சொல்ல அவரே தட்டச்சு செய்தார்: "நடிகர் எழுந்தார். காபி கேட்கிறார்."

மாமனாரும் எழுந்தார். காபி கேட்டார். குடித்து முடித்து டம்ளரை வைத்ததும் மறுபடி கேட்டார். இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருமகள் பாலை இரண்டு லிட்டராக வாங்குகிறாள்.